யோசனைக்கு என்ன விலை?

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் நமது காரியாலயத்துக்கு நண்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் அவருக்கு ஒரு தறிக்கூடம் இருக்கிறது. தகப்பனார் காலத்தில் இரண்டு கைத்தறிகளுடன் ஆரம்பித்த தொழில். இன்று பன்னிரண்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. துண்டும் துவாலையும் நெய்கிறார்கள். வரும்போதெல்லாம் ஒரு துவாலையை நம் மேஜைமேல் வைத்து, "தொட்டுப் பாருங்கள்!" என்று சொல்வது அவருடைய வழக்கம். அன்றைக்கு அவர் துவாலை கொண்டு வரவில்லை. ஒரு காகித உறையை மட்டும் கொண்டு வந்திருந்தார்.

உறைக்குள் இருந்தது ஒரு நிர்வாக ஆலோசகரின் கடிதம். நான்கு மாத காலம், வாரத்துக்கு இரண்டு முறை தறிக்கூடத்துக்கு வந்து, வேலை முறைகளை ஒழுங்குபடுத்தி, முதலாளிக்கும் மேஸ்திரிக்கும் பயிற்சி கொடுப்பதாக அவர் எழுதியிருந்தார். மாதம் ஒன்றுக்குக் கட்டணம் 60,000 ரூபாய். ஆக மொத்தம் 2,40,000 ரூபாய்.

"நூல் கடைக்கு ஐந்து லட்சம் பாக்கி நிற்கிறது. இரண்டு வாரமாகச் சனிக்கிழமைக் கூலியைக் கைமாற்று வாங்கித்தான் கொடுத்தேன். இந்த நிலைமையில் இவரை அழைக்கலாமா, கூடாதா என்று புத்திக்கு எட்டவில்லை. சம்சாரம் தன் வளையல்களைக் கழற்றிக் கொடுக்கிறேன் என்கிறாள். அடகு வைத்து விடலாமா?" என்று நண்பர் கேட்டார்.

பணமுடை என்னும் விஷயத்தில் பத்திரிகைக்காரர்களுக்குக் கொஞ்சம் அநுபவம் உண்டு. அதை நம்பித்தான் நண்பர் நம்மிடம் வந்தார் போலும். ஆயினும் ஒரு குடும்பத்தின் வளையலைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுவது எளிய காரியமா? "இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, இந்த விஷயமாக உலகத்தில் யாராவது பரீட்சை செய்து பார்த்திருக்கிறார்களா என்று தேடினோம். செய்து பார்த்திருக்கிறார்கள் என்பது மட்டுமல்ல. மிகவும் முக்கியமான பரீட்சை நமது தேசத்திலேயே, நெசவாலைகளிலேயே நடந்திருக்கிறது.

இலவசமாகக் கொடுத்தும் வேண்டாதவர்கள்

ஸ்டான்போர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூம், உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் மக்கன்ஸி முதலிய பொருளாதார அறிஞர்கள் 2008-ஆம் ஆண்டில் பம்பாய்க்கு அருகே தாராப்பூர், உம்பர்காம் ஆகிய இடங்களில் உள்ள துணி ஆலைகளில் அந்தப் பரீட்சையை ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றும் சில நூறு தொழிலாளர்களுடன் குடும்பத்தார் நடத்தி வந்த ஆலை. சர்வதேசப் பிரசித்தி பெற்ற ஆலோசனைக் கம்பெனி ஒன்றின் நிபுணர்களை அமர்த்தி, ஆலைக்காரர்களிடம் காலணாக்கூட வாங்காமல் ஐந்து மாதம் யோசனை சொல்லச் செய்வதாக ஏற்பாடு.

இங்கேதான் முதல் ஆச்சரியம். இந்த ஏற்பாட்டுக்குத் தகுதியுள்ளவை என்று கருதப்பட்ட கம்பெனிகள் 66. சம்மதித்துச் சேர்ந்தவை 17 மட்டுமே! கட்டணம் இல்லாவிட்டாலும், முதலாளியும் பெரிய உத்தியோகஸ்தர்களும் தங்கள் நேரத்தைக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. பலர் அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இல்லை. ஆகவே யோசனைக்கு இரண்டு விலை உண்டு என்று ஏற்படுகிறது. ஒன்று ரூபாயில், மற்றொன்று முதலாளியின் நேரத்தில். நம் நண்பரின் கையிலிருந்த கடிதத்தில் முதல் விலைதான் எழுதியிருந்தது.

சேர்ந்த ஆலைகளில் நிபுணர்கள் கண்டது என்ன? துணியில் உண்டாகும் பழுதுகளைக் கண்டுபிடிப்பதற்கும் அவற்றைச் சரி செய்வதற்குமே ஆட்பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செலவாகிக் கொண்டிருந்தது. என்ன பழுது, எந்தத் தறியில், எதனால் என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. நூல் எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது என்பதற்குச் சரியான புள்ளி கிடையாது. ஆனால் முதலாளிகளைக் கேட்டால், பக்கத்து ஆலைக்கு நம் ஆலை ஒன்றும் குறைந்ததல்ல என்ற திருப்தியுடன் இருந்தார்கள்.

நிபுணர்கள் புது யந்திரம் எதையும் வாங்கிப் போடவில்லை. தினசரி பழுதுக் கணக்கு, தறி நின்ற நேரத்தின் கணக்கு, யந்திரங்களை முறைப்படி எண்ணெயிட்டுப் பராமரிப்பது, நூல்களை வகைப்படுத்தி அடுக்குவது, ஒவ்வொரு வேலைக்கும் இன்னார் பொறுப்பு என்று தீர்மானிப்பது, இப்படி 38 பழக்கங்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். முதல் ஒரு மாதம் பரிசோதனை. பிறகு நாலு மாதம் நடைமுறையில் கொண்டு வருதல். ஒப்பு நோக்குவதற்காகச் சில ஆலைகளில் பரிசோதனையுடன் நிறுத்திக் கொண்டார்கள். 2013-ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: முழுப் பயிற்சி பெற்ற ஆலைகளின் உற்பத்தித் திறன் முதல் வருஷத்திலேயே 17 சதவிகிதம் உயர்ந்தது. ஆலை ஒன்றுக்கு ஆண்டு லாபம் 3 லட்சம் டாலருக்கு மேல் கூடியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். மார்க்கெட் கட்டணப்படி நிபுணர்களுக்குக் கொடுத்திருந்தால் ஆலைக்குச் சுமார் இரண்டரை லட்சம் டாலர் ஆகியிருக்கும். அதாவது, போட்ட முதல் ஒரு வருஷத்திலேயே திரும்பிவிடும்.

நஷ்டம் வந்தால் நமது தொழிலாளியின் சோம்பலையும் படிப்பின்மையையும் குறை கூறுவது பலருக்கு வழக்கமாகப் போய்விட்டது. மேலே சொன்ன ஆலைகளில் தொழிலாளர்களை மாற்றவில்லை, தறிகளையும் மாற்றவில்லை. மாறியது மேலே இருந்தவர்களின் பழக்கம். இதைக் கேட்டு நமக்குச் சந்தோஷமும் வெட்கமும் ஒருங்கே உண்டாயின.

ஆக்ராத் தையற்காரர்கள் அல்ல, அக்ராத் தையற்காரர்கள்

"அப்படியானால் வளையலை அடகு வைத்துவிட வேண்டியதுதானே?" என்று நேயர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா தேசத்தின் தலைநகரம் அக்ரா. அங்கே 160 தையற்காரர்களை வைத்து இன்னொரு பரீட்சை நடந்தது. சிலருக்குப் பெயர் பெற்ற கம்பெனியின் ஆலோசனை, சிலருக்கு ரொக்கப் பணம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஒன்றும் இல்லை. ஆலோசனை பெற்றவர்கள் கணக்கு எழுதினார்கள். புது வழக்கங்களைக் கைக்கொண்டார்கள். ஆனால் லாபம் மட்டும் உயரவில்லை. வருஷம் ஒன்று ஆவதற்குள் பழைய வழிக்கே திரும்பிவிட்டார்கள். 2015-ல் வெளியான இந்த முடிவு பம்பாய் முடிவுக்கு நேர் விரோதமாக இருக்கிறது.

ஏன் இந்த வித்தியாசம்? நமக்குத் தோன்றுகிற காரணம் இதுதான். சில நூறு பேர் வேலை செய்யும் ஆலையில், முதலாளியின் கண்ணுக்குத் தெரியாமல் ஒழுகிப்போவது ஏராளம். அடைப்பதற்கு ஓட்டை இருந்தது. ஒருவரோ இருவரோ உட்கார்ந்து தைக்கும் கடையில் எல்லாம் கண்முன்னாலேயே நடக்கிறது, ஒழுகுவது கொஞ்சம். ஓட்டையில்லாத குடத்துக்குத் தச்சனும் வேண்டாம், கன்னானும் வேண்டாம்! அங்கே குறையாயிருப்பது குடத்தில் ஊற்றுவதற்குத் தண்ணீர்.

நம் நண்பர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர். பன்னிரண்டு தறி, சுமார் பதினைந்து ஆட்கள். அவருடைய கூடம் பம்பாயைப் போன்றதா, அக்ராவைப் போன்றதா? அதை நாம் சொல்ல முடியாது. கடிதம் எழுதிய ஆலோசகரும் சொல்ல முடியாது. கணக்குதான் சொல்ல வேண்டும்.

ஒரு மாதத்து நோட்டுப் புத்தகம்

ஆகவே இரண்டு நாள் கழித்து நண்பர் வந்தபோது, நாம் ஓர் ஆறு ரூபாய் அபிப்பிராயம் கூடச் சொல்லவில்லை. "ஒரே ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் மூன்று விஷயங்களைத் தினந்தோறும் எழுதி வையுங்கள். எத்தனை துவாலை 'செகண்ட்ஸ்' ஆகிறது, ஏன்? எந்தத் தறி எவ்வளவு நேரம் நின்றது, ஏன்? எந்த வியாபாரி எத்தனை நாளாகப் பாக்கி வைத்திருக்கிறார்?" என்று கேட்டுக்கொண்டோம்.

நண்பர் சிரித்தார். "இதற்கு ஒரு மாதம் எதற்கு? இப்போதே சொல்வேனே! நூற்றுக்கு மூன்று செகண்ட்ஸ். தறிகள் மின்சாரம் இல்லாவிட்டால்தான் நிற்கும்" என்றார். ஆனாலும் எழுதி வைப்பதாக வாக்குக் கொடுத்தார்.

எழுதினவர் அவர் அல்ல. அவருடைய மனைவி. இருபது வருஷமாக வீட்டு வரவு செலவை நயா பைசா பிசகாமல் எழுதி வருகிற கை. தினமும் மாலையில் தறிக்கூடத்துக்கு வந்து, ஒதுக்கி வைத்த துவாலைகளை எண்ணி, மேஸ்திரியிடம் காரணம் கேட்டுக் குறித்துக் கொண்டார். மாதம் முடிந்ததும் தம்பதிகள் இருவரும் அந்த நோட்டுப் புத்தகத்துடன் நம் காரியாலயத்துக்கு வந்தார்கள்.

அதில் கண்ட விவரம் வருமாறு. மாதத்தில் நெய்தது 15,000 துவாலை. செகண்ட்ஸ் நூற்றுக்கு மூன்று அல்ல, எட்டு; அதாவது 1,200 துவாலை. ஒவ்வொன்றும் 30 ரூபாய் குறைத்து விற்றதில் நஷ்டம் 36,000 ரூபாய். அந்தப் பழுதுகளில் பெரும்பாதி மூன்றே தறிகளிலிருந்து வந்தவை. ஒவ்வொரு தறியும் மின்சாரம் இருக்கும்போதே நாளொன்றுக்குச் சராசரி ஒன்றேகால் மணி நேரம் நின்றது. ஊடை நூல் வந்து சேரவில்லை, மேஸ்திரி வேறு தறியில் இருந்தார், பத்து ரூபாய்ச் சாமான் கடையிலிருந்து வர வேண்டும், இவைதான் காரணங்கள். மூன்றாவது கணக்குதான் எல்லாவற்றிலும் விசேஷம்: ஒரே வியாபாரியிடமிருந்து வர வேண்டிய பாக்கி ஒன்பது லட்சம், நூறு நாள் கடந்துவிட்டது!

நண்பர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "இத்தனை நாளும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன்" என்றார்.

"நீங்கள் தூங்கவில்லை. பன்னிரண்டு தறியையும் தனியே பார்த்துக் கொண்டிருந்தீர்கள். எண்ணுவதற்கு உங்களுக்கு ஏது நேரம்?" என்று அந்த அம்மாள் சொன்ன பதில் நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

எந்த நோய்க்கு எந்த மருந்து?

நோட்டுப் புத்தகம் முதலில் தெளிவாக்கியது இதுதான். சனிக்கிழமைக் கூலிக்குப் பணமில்லாமல் போனதற்குக் காரணம் நிர்வாகக் கோளாறு அல்ல, வராத பாக்கி. இதற்கு நிர்வாக ஆலோசகரின் மருந்து பலிக்காது. சிறு தொழில்களுக்காக 2006-ஆம் ஆண்டில் இயற்றிய மத்திய சட்டத்தின்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட வியாபாரி, ஒப்பந்தம் எப்படியிருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிஸர்வ் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதா மாதம் வட்டிக்கு வட்டியாகச் சேரும். பதிவு செய்துகொண்ட சிறு தொழிலதிபர் இதற்கென்று அமைந்த கவுன்ஸிலில் முறையிடலாம். வியாபாரியைப் பகைத்துக் கொண்டால் அடுத்த ஆர்டர் கிடைக்குமா என்ற பயம் இருப்பது நியாயமே. ஆனால் முறையீட்டுக்குப் போவதற்கு முன்னால், சட்டத்தின் விதியைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுவதில் தவறில்லை. அதற்குத் தபால் செலவுதான்.

இதை நாம் வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்த மாதம் மூச்சுத் திணறுகிற தொழிலுக்கு, எட்டாவது மாதம் பலன் தரும் மருந்தைக் கடன் வாங்கிக் கொடுப்பது ஆபத்து. மூச்சுத் திணறலை முதலில் தீர்க்க வேண்டும். தேகப் பயிற்சி பிறகு.

பழுதும் நின்ற நேரமும் வேறு வகை. அவை நிர்வாகத்தின் ஓட்டைகளே. அவற்றுக்கு ஆலோசகரை அழைப்பது கட்டுமா என்று மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பழுதைப் பாதியாகக் குறைத்தால் மாதம் 18,000 ரூபாய் மிச்சம். நின்ற நேரத்தில் பாதியை மீட்டால் இன்னும் 900 துவாலை. நூல், கூலி, மின்சாரம் போகத் துவாலைக்கு 12 ரூபாய் வீதம் 10,800 ரூபாய். ஆக, மாதம் 28,800. கட்டணமாகிய 2,40,000 திரும்புவதற்கு எட்டு மாதத்துக்கு மேலாகும்.

"மோசமில்லையே!" என்றார் நண்பர். இந்த இடத்தில்தான் பம்பாய்ப் பரீட்சையின் பிற்பகுதியை எடுத்துச் சொன்னோம். சுமார் ஒன்பது வருஷங்களுக்குப் பிறகு அறிஞர்கள் அதே ஆலைகளுக்குத் திரும்பச் சென்று பார்த்தார்கள். கற்றுக்கொண்ட பழக்கங்களில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. மானேஜர்கள் மாறிப் போனதும், முதலாளிக்கு நேரமில்லாமல் போனதும் முக்கிய காரணங்கள். பாதி நிலைத்திருந்ததே பெரிய காரியம். பயிற்சி பெறாத ஆலைகளைவிட இவை அப்பொழுதும் முன்னணியிலேயே இருந்தன. ஆனால் கடன் வாங்குகிறவன் நிலைக்கும் பாதியை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 28,800-ஐப் பாதியாக்கினால் 14,400. கட்டணம் திரும்ப பதினாறு மாதத்துக்கு மேல். அதுவரை அடகு வட்டி வேறு. இந்தக் கணக்குக்கு வளையல் தாங்காது.

பகிர்ந்துகொண்டால் சுமை குறையும்

அப்படியென்றால் ஆலோசகரே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்தில் மோட்டார் உதிரிச் சாமான்கள் செய்யும் கம்பெனிகளிடையே மற்றொரு பரீட்சை நடந்தது. சில கம்பெனிகளுக்குத் தனித்தனியே ஆலோசகர்; சிலவற்றைச் சிறு குழுக்களாகச் சேர்த்துக் குழுவுக்குப் பொதுவாக ஆலோசகர். குழு முறையில் ஆன செலவு சுமார் மூன்றில் ஒரு பங்கு. நிர்வாகப் பழக்கங்களில் ஏற்பட்ட அபிவிருத்தியோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

இன்னொரு வழியும் இருக்கிறது. கென்யாவின் தலைநகரான நைரோபியில், சிறு வியாபாரம் செய்யும் ஸ்திரீகளில் சிலருக்கு வகுப்பறைப் பாடம் நடத்தினார்கள். வேறு சிலரை அதே பேட்டையில் தொழில் நடத்தித் தேர்ந்த ஸ்திரீகளிடம் வாரந்தோறும் பேசச் சொன்னார்கள். பாடம் கேட்டவர்களின் லாபம் உயரவில்லை. அநுபவசாலியுடன் பேசியவர்களின் லாபம் சராசரி 20 சதவிகிதம் உயர்ந்தது. எந்தச் சரக்கை எங்கே மலிவாய் வாங்கலாம் என்பது போன்ற உள்ளூர் விஷயங்களே அவர்களுக்கு உதவின. பேச்சு நின்ற பிறகு பலனும் நாளடைவில் தேய்ந்து போயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நமது நாட்டிலும் சிறு தொழிலுக்கு நிழல் இல்லாமல் இல்லை. கோயம்புத்தூரில் 1956-ல் ஏற்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் நெசவு ஊர்களில் விசைத்தறிச் சேவை நிலையங்கள் நடத்தி வந்திருக்கிறது. 1958-ல் தோன்றிய தேசிய உற்பத்தித் திறன் கவுன்ஸில் இருக்கிறது. சிறு தொழிற்சாலைகளில் வீணாவதைக் குறைப்பதற்காக 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மத்திய அரசாங்கம் ஆரம்பித்த 'லீன்' திட்டத்தில், ஆலோசகர் செலவில் 90 சதவிகிதத்தைச் சர்க்காரே ஏற்பதாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களின் நிபந்தனைகள் அவ்வப்போது மாறும். ஆகையால் சொந்தப் பணத்தை எடுப்பதற்கு முன் ஜில்லாத் தொழில் மையத்துக்கு ஒரு நடை நடந்து விசாரிப்பது புத்திசாலித்தனம்.

நண்பர் செய்த தீர்மானம்

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நண்பர் செய்த தீர்மானம் இது. மூன்று பழுதுத் தறிகளையும் முதலில் சேவை நிலையத்தாரிடம் காட்டுவது. வியாபாரிக்குக் கடிதம் எழுதுவது. பிறகு பக்கத்துத் தெருவில் தறிக்கூடம் வைத்திருக்கும் மூவருடன் சேர்ந்து, நால்வருக்கும் பொதுவாக அதே ஆலோசகரை அமர்த்துவது. ஆளுக்கு 60,000 ரூபாய். பாதிப் பலனே நிலைத்தாலும் நாலு மாதத்துக்குச் சற்று மேலே முதல் திரும்பிவிடும். முதல் மாதம் பரிசோதனை மட்டும். அது திருப்தியானால்தான் மேற்கொண்டு. பாக்கி வசூலாகும் வரையில் இதை ஆரம்பிப்பதில்லை.

இன்னொரு நிபந்தனையை அந்த அம்மாள் சேர்த்தார். ஆலோசகர் வரும் நாட்களில் முதலாளி எந்த வேலை இருந்தாலும் இரண்டு மணி நேரம் அவருடன் உட்கார வேண்டும். உட்கார முடியாதென்றால் ஆலோசகரும் வேண்டாம். பம்பாயில் பல கம்பெனிகள் கொடுக்க மறுத்த விலை அதுதான் என்பது அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

சிறு அச்சகமோ, மளிகைக் கடையோ, பலகாரக் கடையோ வைத்துக்கொண்டு பணமுடையில் இருக்கும் நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியதும் இவ்வளவே. "கட்டணம் கொடுக்கப் பணமிருக்கிறதா?" என்று முதலில் கேட்காதீர்கள். "எங்கே ஒழுகுகிறது, எவ்வளவு?" என்று ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். ஒழுகுவது கட்டணத்தைவிடப் பெரிதாயிருந்து, பாதிப் பலன் நிலைத்தாலே முதல் சீக்கிரம் திரும்பி, நீங்களே உட்கார நேரமும் இருக்குமானால், ஆலோசகரை அழைக்கலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பணத்தைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

சென்ற வாரம் நண்பர் மறுபடியும் வந்தார். வியாபாரியிடமிருந்து நாலு லட்சம் வந்திருக்கிறதாம். மீதிக்குத் தவணை சொல்லியிருக்கிறாராம். பழுதுக் கணக்கு நூற்றுக்கு ஆறாகக் குறைந்திருக்கிறது. ஆலோசகர் இன்னும் வரவில்லை. போகும்போது ஒரு துவாலையை மேஜைமேல் வைத்து, "தொட்டுப் பாருங்கள்!" என்றார். தொட்டுப் பார்த்தோம். ஓரத்தில் ஓர் இழை விட்டுப் போயிருந்தது. நாம் சொல்வதற்குள் அவரே அதைக் கண்டு, துவாலையை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "வீட்டில் கணக்கில் சேர்க்க வேண்டும்" என்றார்.